இத்தாலியில் களி தின்ற கதை

தமிழ்நாட்டில் களி தின்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குற்றம் செய்து உள்ளே போவது. இன்னொன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறப்பது. நான் இரண்டாவது வழியில் வந்தவன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று எங்கள் தொழிற்சாலையில் யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

எங்கள் ஊர் கெலமங்கலத்துக்குப் பக்கம். மதியம் ஒரு உருண்டை ராகிக் களி, சாயங்காலம் ஒரு உருண்டை. அவரைக்கொட்டைக் குழம்பு வைத்த நாளில் ஒன்றரை. களியை மெல்லக் கூடாது. கிள்ளி, குழம்பில் புரட்டி, நாக்கில் வைத்து, அப்படியே முழுங்கிவிட வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொண்டு அன்றைக்கெல்லாம் வாயைத் துழாவ வைக்கும். "களி பல்லுக்கு இல்லடா, தொண்டைக்கு" என்பாள் அம்மா. சாப்பிடக் கற்றுக்கொடுத்த வகையில் அவள் சொன்னது இந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் எனக்குத் தானாகவே வந்தது.

டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். முதல் நாள் கேண்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்தபோது எதிரே உட்கார்ந்திருந்தவர் திருநெல்வேலிக்காரர். சீனியர் டெக்னீஷியன். கம்பெனி முழுக்க அவருக்கு ஒரே பெயர், அண்ணாச்சி. அவர் என் பாக்ஸை எட்டிப் பார்த்தார்.

"என்னலே இது, உருண்டையா?"

"களிங்க."

"களியா? எத்தன வருஷம்லே?"

படிப்பைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவன் வேறு எதை நினைப்பான்?

"மூணு வருஷங்க" என்றேன் பவ்யமாக.

மேஜையே ஆடியது. ஒருத்தருக்குப் புரையேறி, பக்கத்தில் இருந்தவர் தலையில் தட்டினார். ஜெயிலில் களிதான் போடுவார்கள் என்பதும், சேலத்துக்குத் தெற்கே "களி திங்கப் போறான்" என்றால் ஜெயிலுக்குப் போகிறான் என்று அர்த்தம் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தினமும் தின்கிறவனுக்கு அதெல்லாம் சாப்பிடும்போது ஞாபகம் வராது. "மூணு வருஷத்துல வெளிய விட்டுட்டாம்லே, நன்னடத்த போலுக்கு" என்று அண்ணாச்சி முடித்துவைத்தார்.

அன்றைக்கு என் பெயர் போய்விட்டது. "களியக் கூப்புடு", "களி எந்த ஷிப்டு?", "களிகிட்ட ஸ்பேனர் இருக்கும், வாங்கிக்க." சம்பளப் பட்டியலுக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் மட்டும்தான் என் சொந்தப் பெயர் தெரியும். நான் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கோபித்துக்கொள்கிறவனுக்கு அதைவிட மோசமான பெயர் வைப்பார்கள். அதற்கப்புறம் பதினைந்து வருடம், ஒருநாள்கூட நான் கம்பெனிக்குக் களி கொண்டுபோகவில்லை. பெயர் மட்டும் கூடவே வந்தது.

களிக்காரன் இல்லை என்று நிரூபிக்க நான் கண்ட வழி, களியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தின்பது. அதற்கு ஓசூரைவிட நல்ல ஊர் கிடையாது. எந்த ஊரிலிருந்து வேலைக்கு ஆள் வந்தாலும் பின்னாலேயே ஒரு அடுப்பும் வந்துவிடும். மதுரை மெஸ், நெல்லை மெஸ், ஆந்திரா மெஸ், கும்பகோணம் காபி, மலையாளி கடைப் புட்டு, வடக்கத்தி ஆட்கள் வந்த பிறகு ஆலு பராட்டா. எந்த மெஸ்ஸில் செவ்வாய்க்கிழமை மீன் குழம்பு நன்றாக இருக்கும், எந்தக் கடையில் பரோட்டா மாஸ்டர் லீவு போட்டிருக்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மேனேஜர்களே போன் செய்து விசாரிப்பார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஓசூரில் ஓசூர்க்காரன் வீட்டில் தின்பதற்கு மட்டும் போர்டு கிடையாது. சோதனைச் சாவடியைத் தாண்டி கர்நாடகத்துக்குள் அத்திப்பள்ளிப் பக்கம் போனால் இதே களிக்கு முத்தெ என்று பெயர். மிலிட்டரி ஓட்டலில் புலிநகச் சங்கிலி போட்ட ஆட்கள் ஆட்டுக் குழம்போடு உட்கார்ந்துகொண்டு "இன்னொந்து முத்தெ கொடி" என்று அதட்டி வாங்கித் தின்பார்கள். மாநில எல்லையில் பெட்ரோல் விலை மாறும், மதுக்கடை மாறும் என்று தெரியும். ஒரு உருண்டையின் மரியாதையே மாறுவதை அங்கேதான் பார்த்தேன்.

இதற்கு நடுவில் எங்கள் கேண்டீனில் சிறுதானியப் புதன்கிழமை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ராகி பிஸ்கட், ராகி லட்டு, ராகிப் பால். சுவரில் தசை முறுக்கிய ஒருவன் படம். அதே அண்ணாச்சி ராகி பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டு "எலும்புக்கு நல்லதுலே" என்றார். மாவாக இருந்து பிஸ்கட் ஆனால் ஆரோக்கியம், உருண்டை ஆனால் ஆயுள் தண்டனை.

எனக்குக் கல்யாணமாகி ஓசூரிலேயே வீடு எடுத்தோம். மனைவி கல்லாவிக்காரி, எங்கள் மாவட்டம்தான். அவளுக்குக் களி இல்லாமல் வாரம் நகராது. நான் ஒரு சட்டம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் களி, அதுவும் சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு. பக்கத்து வீட்டில் எங்கள் கம்பெனி ஆள் இருந்தார்.

"ஏங்க, நாம களி கிண்டுறமா, கள்ளச் சாராயம் காச்சுறமா?" என்று கேட்டாள். நான் எழுந்துபோய் ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனி இத்தாலியிலிருந்து ஒரு பெரிய வார்ப்பு இயந்திரம் வாங்க முடிவு செய்தது. உருக்கிய அலுமினியத்தை ஊற்றினால் உதிரிபாகமாக வெளியே தள்ளும் இயந்திரம். இரண்டு பேர் அங்கே போய், மூன்று மாதம் தங்கி, ஓட்டிப் பார்த்து, கற்றுக்கொண்டு, கடைசியில் இயந்திரம் சரி என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் இயந்திரம் வடக்கே இருந்த எங்கள் இன்னொரு தொழிற்சாலைக்குப் போய்விடும். முன்பு ஒருமுறை வேறொரு நாட்டுக்கு அனுப்பிய ஆள், தயிர்சாதம் கிடைக்கவில்லை என்று பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்துவிட்டதால், நிர்வாகம் இந்த முறை கறாராக இருந்தது.

தேர்வானவர்கள் இரண்டு பேர். இப்போது மேனேஜராகிவிட்ட அண்ணாச்சி ஒருத்தர். இன்னொருத்தன் நான்.

இயந்திரம் ஓசூர் வந்தால் அந்தப் புது லைனுக்கு நான்தான் பொறுப்பாளர் என்று சொன்னார்கள். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு லைனின் முகப்பிலும் ஒரு நீலப் போர்டு தொங்கும். அதில் பொறுப்பாளரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சம்பளம்கூட இரண்டாம்பட்சம்தான். அந்தப் போர்டு வேண்டும். என் பெயர் என்ன என்று நாலு பேர் அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பதினைந்து வருடத்தில் நான் மனதாரக் கேட்டது அது ஒன்றைத்தான். அதற்கு அண்ணாச்சி மூன்று மாதம் இத்தாலியில் தாக்குப்பிடிக்க வேண்டும். பெயரைப் பிடுங்கினவர் தயவில்தான் பெயர் திரும்பி வர வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது.

நான் முறைப்படி தயாரானேன். பாகலூர் ரோட்டுத் தள்ளுவண்டியில் ஒரு மாதம் விடாமல் ஒயிட் சாஸ் பாஸ்தா தின்றேன். பேக்கரியில் குடைமிளகாய் போட்ட பீட்சாவைத் தக்காளி சாஸில் முக்கி எடுத்துப் பழகினேன். பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மனைவி மூன்று கிலோ ராகி மாவைப் பெட்டியில் வைத்தாள். நான் எடுத்து வெளியே வைத்தேன். மறுபடியும் வைத்தாள், மறுபடியும் எடுத்தேன். அண்ணாச்சியோடு ஒரே வீட்டில் தங்கப்போகிறவன் ராகி மாவோடு போய் இறங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் அப்புறம் வைக்கவில்லை. புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

இத்தாலியில் போய்ப் பெட்டியைத் திறந்தால், குளிருக்கு வாங்கின கம்பளிப் பேன்ட்டின் இரண்டு கால்களுக்குள்ளும் மாவு. பொட்டலம் கட்டி, கால்நுனியில் முடிச்சு போட்டு வைத்திருந்தாள். அண்ணாச்சி பார்ப்பதற்குள் என் அறை அலமாரியின் உச்சியில் ஏற்றி, மேலே ஒரு போர்வையையும் போட்டு மூடினேன்.

நாங்கள் போனது அந்த நாட்டின் வடக்குப் பகுதியில், மலையடிவாரத்தில் ஒரு சின்னத் தொழில் நகரம். அங்கே சாப்பாடு என்பது சாப்பாடு அல்ல, சட்டம். காலை பதினொன்றுக்கு மேல் பால் காபி கேட்கக் கூடாது. நான் மதியம் சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். பரிமாறியவர் எனக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று விசாரித்தார். பால் இல்லாத காபி, காதுக்கு விடுகிற சொட்டு மருந்து அளவில் வரும். பீட்சாவுக்குத் தக்காளி சாஸ் கேட்டபோது கடைக்காரரே அடுப்படியிலிருந்து வெளியே வந்து, கேட்டவன் யார் என்று பார்த்துவிட்டுப் போனார். ஒரு மாதப் பயிற்சியெல்லாம் பாகலூர் ரோட்டோடு சரி. பாஸ்தா வெந்தும் வேகாமலும் இருக்கும். குறை சொன்னால், அதுதான் பக்குவம், அதற்குப் பெயரே 'பல்லுக்கு' என்று விளக்குவார்கள். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அவர்கள் சமைப்பது பல்லுக்கு, நாங்கள் சமைப்பது தொண்டைக்கு.

ஆனாலும் நான் சமாளித்தேன். ஒரு வாரத்தில் பாலாடைக்கட்டியில் பதினோரு வகை பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டேன். தொழிற்சாலை கேண்டீனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, முதல் தட்டு, இரண்டாம் தட்டு, பழம் என்று வரிசையாகச் சாப்பிடுகிறார்கள். இருபது நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடின எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. மாடு, பன்றி இல்லாததைக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றேன்.

அண்ணாச்சிதான் கரைந்தார். வீட்டில் கட்டிக்கொடுத்த அரிசி, புளிக்குழம்புப் பொடி, மோர் மிளகாய், இட்லிப் பொடி என்று ஆரம்பத்தில் ராஜபோகமாக இருந்தவர், நாலாவது வாரத்தில் மோர் மிளகாயை மட்டும் ரொட்டியில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். கடையில் அரிசி வாங்கி வந்தோம். அது வெந்ததும் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே கட்டியாக நின்றது.

"இது சோறாலே? சுவரொட்டி ஒட்டலாம் போலருக்கு" என்றார். பாலாடைக்கட்டியின் வாடை அவருக்கு ஆகவில்லை. பாஸ்தாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடுப்புப் பட்டையில் புதிதாக ஒரு ஓட்டை போட்டார், அடுத்த வாரம் இன்னொன்று. ஐந்தாவது வாரம் சனிக்கிழமை காலையில் சோபாவில் சுருண்டு படுத்தபடி சொன்னார்.

"நான் போறேம்லே. திங்கக்கெழம ஆபீஸ்க்கு மெயில் போட்டுருதேன். என்னால முடியல. வயிறு என்னத்தயோ பண்ணுது."

"இன்னும் ஏழு வாரந்தாங்க அண்ணாச்சி."

"ஏழு வாரமா? ஏழு நாளு இருந்தா என்னய பெட்டில வச்சித்தாம்லே அனுப்பணும்."

என் போர்டு கண் முன்னால் கழன்று விழுந்தது. அறைக்குள் போய் அலமாரியின் உச்சியைப் பார்த்தேன். மூன்று கிலோ மாவு. ஒரு உருண்டை கிண்டிக் கொடுத்தால் மனுஷன் எழுந்து உட்காருவார் என்று எனக்குத் தெரியும். இறக்க மனம் வரவில்லை. "இங்கயும் கொண்டுவந்துட்டியாலே, ஆயுள் கைதி" என்று அவர் சொல்லப்போவது காதில் கேட்டது. அதைக் கேட்பதைவிடப் போர்டு போனால் போகட்டும் என்றுகூட நினைத்தேன். ஒருத்தர் பசியில் சுருண்டு கிடக்கிறார், நான் மாவைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறேன். இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. வெட்கம் மனுஷனை அவ்வளவு அல்பமாக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு இயந்திரம் சொல்லிக்கொடுத்த ஃபிட்டர் தன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அறுபதை நெருங்குகிற மனுஷன், கைகள் ஒவ்வொன்றும் உரல் குழவி கனம். மாடு, பன்றி வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் கோழி சமைத்திருந்தார். இங்கிலீஷ் தெரிந்த ஆபீஸ் பெண் ஒருத்தி மொழிபெயர்ப்புக்கு வந்திருந்தாள். அதே தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியனும் இருந்தார். அவர் அந்த நாட்டின் தெற்குக் கோடியிலிருந்து முப்பது வருடத்துக்கு முன் பிழைக்க வந்தவர்.

அண்ணாச்சி வரமாட்டேன் என்றார். கடைசி நாள், மரியாதைக்காவது வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

சமையலறைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அடுப்பில் ஒரு செம்புப் பானை. அதில் மஞ்சள் மாவு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஃபிட்டர் ஒரு நீளக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, காலை அகட்டி நின்று, அடியோடு சேர்த்துக் கிண்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"போலெண்டா. மக்காச்சோள மாவு."

"களிடா!" என்று தமிழில் கத்திவிட்டேன். யாருக்கும் புரியவில்லை, ஒருவரைத் தவிர. அண்ணாச்சி வாசல்படியில் நின்று பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டையை வாங்கி நான் கிண்டினேன். கை மறக்கவில்லை. கட்டி தட்டாமல், ஓரத்தை வழித்து, நடுவில் குத்தித் திருப்புகிற அந்தச் சுழற்சியைப் பார்த்து ஃபிட்டர் வாயைத் திறந்தார். உங்கள் ஊரில் மக்காச்சோளம் உண்டா என்று கேட்டார். இல்லை, எங்கள் மாவு கறுப்பு, ஆனால் பாடு ஒன்றுதான் என்றேன். பதம் வந்ததும் மரப்பலகையில் கவிழ்த்தார். ஆவி பறந்தது. ஒரு நூலை இழுத்துப் பிடித்துத் துண்டு போட்டார். கோழிக் குழம்பை ஊற்றினார்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன். முள்கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டு, கையால் ஒரு பெரிய துண்டைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, வாயில் போட்டு, மெல்லாமல் முழுங்கினேன். ராகி அப்படியே இறங்கும். மக்காச்சோளம் இறங்கவில்லை. நடுத்தொண்டையில் கொதிக்கக் கொதிக்க உட்கார்ந்துகொண்டது. கண்ணில் தண்ணீர். மேஜையே எழுந்துவிட்டது. ஃபிட்டரின் மனைவி கையைத் தூக்கு என்று கத்தினாள், எலக்ட்ரீஷியன் பின்னால் வந்து என் முதுகில் குத்தினார். ஒருவழியாக இறங்கியது. "மெல்ல வேண்டும், மெல்ல வேண்டும்" என்று மொழிபெயர்ப்புப் பெண் எனக்குத் தாடையை ஆட்டிக் காட்டினாள். முப்பத்தைந்து வயதில் எனக்கு மெல்லக் கற்றுக்கொடுத்தார்கள்.

சலசலப்பு அடங்கியதும் எலக்ட்ரீஷியன் தட்டை நீட்டிக்கொண்டே ஃபிட்டரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். "போலெண்டோனே!" எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ன சொன்னார்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவளுக்குக் கொஞ்சம் சங்கடம்.

"கேலிதான். தெற்கத்திக்காரர்கள் எங்களை அப்படித்தான் சொல்வார்கள். போலெண்டா தின்கிறவன் என்று அர்த்தம். மந்தமானவன், பட்டிக்காட்டான் என்று ஒரு மட்டம் தட்டல்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. கடல் தாண்டி, மலை தாண்டி, குளிரில் நடுங்கி இந்த மூலைக்கு வந்து சேர்ந்தால், இங்கேயும் தெற்கத்திக்காரன் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு வடக்கத்திக்காரனைக் களி என்கிறான். அண்ணாச்சிக்கும் இங்கிலீஷ் தெரியும். அவர் குனிந்த தலை நிமிராமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபிட்டரிடம் கேட்கச் சொன்னேன், இப்படிச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வராதா என்று.

அவர் எலக்ட்ரீஷியன் தட்டில் இன்னொரு துண்டை வைத்தபடி சொன்னார்: "முப்பது வருடமாகச் சொல்கிறான். முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து தின்றுவிட்டுத்தான் சொல்கிறான்."

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. பதினைந்து வருடக் கோபம் மொத்தமாக வந்தது. இந்த மனுஷன் தன் பானையை நடுவீட்டில் வைத்துக் கிண்டுகிறார், நான் ஜன்னலைச் சாத்துகிறேன். அண்ணாச்சி இரண்டாவது துண்டுக்கு மெதுவாகக் கையை நீட்டினார். ஐந்து வாரத்தில் அவர் எதையும் இரண்டாவது முறை கேட்டு நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, அது ஜெயில் சாப்பாடுங்க" என்றேன். "உங்களுக்கு ஆகாது."

நீட்டின கை அப்படியே நின்றது. பிறகு அந்தத் துண்டை எடுத்துக்கொண்டது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அண்ணாச்சிக்கு அன்றைக்கு ஒன்பதுதான் பறந்தது. என் முகத்தைப் பார்க்கிற வெட்கம் மட்டும் மிச்சம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் போர்வையை விலக்கி மாவை இறக்கினேன். மேஜைமேல் அவர் எதிரிலேயே வைத்தேன். கம்பளிப் பேன்ட்டும் முடிச்சுமாக இரண்டு கால்கள் விறைத்துக்கொண்டு நின்றன.

"என்னலே அது, யாரு காலு?"

"ராகி மாவுங்க. வந்த நாள்லேர்ந்து இருக்குது."

அவர் என்னையும் மாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து வாரமாக இதை வைத்துக்கொண்டா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. ஏன் வெளியே எடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

களிக்கட்டை இல்லை. மாவு தேய்க்கிற உருளைக்கட்டை ஒன்று கிடந்தது. கீரையும் பூண்டும் அவருடைய கடைசி மோர் மிளகாயும் போட்டு ஒரு கடைசல் வைத்தேன். மாவைக் கொட்டிக் கிண்டும்போது பானை ஆடியது.

"நல்லாப் புடிங்க அண்ணாச்சி. இன்னும் அழுத்தி."

அவர் துணி சுற்றி இரண்டு கையாலும் பானையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலை நான் சாத்தவில்லை. தண்ணீரில் கை நனைத்து உருட்டி அவர் தட்டில் வைத்தேன். மென்று மென்று தின்றார். பல்லில் ஒட்டியது. விரலை விட்டு நோண்டிக்கொண்டே அடுத்த வாய் எடுத்தார்.

"அன்னைக்கு நான் வெளாட்டுக்குத்தாம்லே சொன்னேன்" என்றார்.

"பதினஞ்சு வருசமாங்க?"

அவர் தட்டில் மிச்சமிருந்த கடைசலை விரலால் வழித்தார். "நாளைக்கும் இதானாலே?" என்றார்.

திங்கட்கிழமை மெயில் போகவில்லை. மூன்று கிலோவை ஏழு வாரத்துக்கு இழுக்க, அந்த ஊர் மக்காச்சோள மாவையும் கலந்து கிண்டினேன். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு களி அது. அண்ணாச்சி இடுப்புப் பட்டையில் பழைய ஓட்டைக்குத் திரும்பி வந்தார். கடைசி நாள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

இயந்திரம் கப்பலில் வந்து, லாரியில் ஏறி, ஓசூர் வந்து சேர்ந்தது. போர்டு மாட்டினார்கள். நீலத்தில் வெள்ளை எழுத்து. என் பெயர் பெரிதாக, ஒரு எழுத்துப் பிழையோடு இருந்தது. திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அதனால் ஒன்றும் குறையவில்லை, ஏனென்றால் அந்தப் போர்டை யாரும் படிப்பதில்லை. மூன்றாம் நாளே அந்த லைனுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. களி லைன். "களி லைனுக்கு ரெண்டு ஃபோர்க்லிஃப்ட் அனுப்பு." "களி லைன்ல இன்னைக்கு உற்பத்தி எவ்வளவு?" முன்பு எனக்கு மட்டும் இருந்த பெயர், இப்போது இத்தனை டன் இரும்புக்கும் வந்துவிட்டது.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், நாளை கம்பெனிக்குக் களி கட்டிக்கொடு என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

"அப்ப ஜன்னலத் தொறக்கலாமா?" என்றுதான் கேட்டாள்.

மறுநாள் கேண்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். பதினைந்து வருடத்துக்கு முன் உட்கார்ந்த அதே மேஜை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் ஒருத்தர் எட்டிப் பார்த்தார். எங்கள் கம்பெனியில் இயந்திரம் மாறும், நகைச்சுவை மாறாது.

"சார், களியா? எத்தனை வருஷம் சார்?"

மேஜை சிரிக்கத் தயாரானது. நான் வழக்கமான சிரிப்புக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணாச்சி தன் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்காமலே என் உருண்டையில் பாதியைப் பிட்டுத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

"இவனுக்கு மூணு வருஷம்லே. எனக்கு மூணு மாசம். ரெண்டு பேரும் ஒரே செல்லு. இப்ப என்னங்கே?"

சூப்பர்வைசர் தன் சாம்பார் சாதத்துக்குத் திரும்பினார். சிரிக்க வேண்டுமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சி ஒரு வாய் கிள்ளிப் போட்டுக்கொண்டு வழக்கம்போல் மென்றார். பல்லில் ஒட்டி, தாடை ஒரு பக்கமாக இழுத்தது.

"மெல்லாதீங்க அண்ணாச்சி. அப்படியே முழுங்குங்க."

"எனக்கு வரமாட்டேங்குலே. நீ எப்படித்தான் முழுங்குதியோ."

"பழகிக்கிட்டா வருங்க. எனக்குப் பதினஞ்சு வருசம் ஆச்சு."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார். அப்புறம் முழுங்கினார்.